சிலிண்டர் ஹெட்டைச் சோதிக்கும் ‘புளோ பெஞ்ச்’: வாங்குவதா, செய்வதா?

கப்சாய் மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, காற்று போகும் போர்ட்டைத் தேய்த்துச் சீராக்கும் வேலை, 1994 முதல் நடந்துவரும் கப் பிரிக்ஸ் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்த நம் இளைஞர்களுக்குப் புதிதல்ல. ஆனால் தேய்த்த பிறகு காற்று கூடுதலாகப் போகிறதா என்பதைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் அந்த ஹெட் வீண்தான். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் கருவியே ‘புளோ பெஞ்ச்’.

எப்படி வேலை செய்கிறது?

ஒரு பெட்டியின் மேல் ஹெட்டைப் பொருத்தி, மோட்டாரால் காற்றை இழுக்கிறோம். வால்வை ஒவ்வொரு மில்லிமீட்டராகத் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் நிமிடத்திற்கு எத்தனை கனஅடி காற்று போகிறது என்று குறித்துக்கொள்கிறோம். இந்த அளவைத்தான் ‘சிஎஃப்எம்’ என்கிறார்கள்.

எந்த அழுத்தத்தில் சோதித்தோம் என்பது மிக முக்கியம். 28 அங்குல நீர் அழுத்தமே பரவலான வழக்கம். சிறிய பெஞ்சுகளில் 10 அங்குலத்தில் சோதிப்பதும் உண்டு. 10 அங்குலத்தில் 60 சிஎஃப்எம் காட்டும் அதே ஹெட், 28 அங்குலத்தில் ஏறக்குறைய 100 காட்டும். அழுத்தத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லி யாராவது கூலி கேட்டால், வாடிக்கையாளர் விழித்துக்கொள்ள வேண்டும்.

சொந்தமாகச் செய்தால்

காற்றுக் கசியாத பலகைப் பெட்டி, வேக்கம் கிளீனர் மோட்டார்கள், துல்லியமாகத் துளையிட்ட தகடு, நிறநீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய்கள், வால்வுத் திறப்பை அளக்க ஒரு டயல் கேஜ் ஆகியவை போதும். கப்சாய் ஹெட்டுக்குப் பெரிய மோட்டார் தேவைப்படாது.

கவனிக்க வேண்டியவை:

• பெட்டிக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள குழாய், எஞ்சின் சிலிண்டரின் விட்டத்திலேயே இருக்க வேண்டும். இஎக்ஸ்5க்கு 50 மில்லிமீட்டர், ஒய்15இசட்ஆருக்கு 57 மில்லிமீட்டர்.
• போர்ட் வாயைச் சுற்றிக் களிமண்ணால் வளைவு அமைக்க வேண்டும். கூர்மையான விளிம்பு காற்றைத் தடுத்துவிடும்.
• வால்வுகளை மூடிவைத்து முதலில் கசிவைச் சோதிக்க வேண்டும்.
• அளவு தெரிந்த துளைத் தகட்டைப் பொருத்தி, ஒவ்வொரு முறையும் அதே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.
• 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3,000 வாட் வரைதான் தாங்கும். ஒரே பிளக்கில் பல மோட்டார்களை இணைப்பது ஆபத்து.

வாங்கினால்

அமெரிக்காவின் சூப்பர்புளோ போன்ற நிறுவனங்களின் பெஞ்சுகள் அளவுதிருத்தம் செய்யப்பட்டே வருகின்றன. விலையோடு கப்பல் செலவையும் வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பல பட்டறைகளுக்கு ஹெட் வேலை செய்து கொடுத்து, எண்ணை எழுதித் தருபவருக்கே இந்த முதலீடு கட்டுப்படியாகும்.

எது சரி?

தன் பட்டறையில் ஒரு ஹெட்டைத் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க, நாமே செய்த பெஞ்ச் போதும். அதன் எண் பிற பட்டறையின் எண்ணோடு பொருந்தாமல் போகலாம். தினமும் ஒரே மாதிரி காட்டினால் அதை நம்பலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. அதிகக் காற்று மட்டுமே சக்தி ஆகாது. போர்ட்டை அளவு மீறிப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து, கீழ் வேகத்தில் வண்டியின் இழுவை போய்விடும். பெஞ்ச் வழி காட்டும்; இறுதித் தீர்ப்பை டைனோ சோதனையும் பந்தயத் தடமுமே சொல்லும்.