படியெடுப்போர் மரபும் மீடியாவிக்கியும்

செல்லும் பூஞ்சையும் அரிக்கும் முன்னர் எவரேனும் புது ஓலையில் படியெடுத்து வைத்தால்தான் பழைய நூல் பிழைக்கும் என்பது சுவடிக்கால நியதி. அச்சுக் காலத்திலும் அந்நியதி மாறிவிடவில்லை. 1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்பர். வேறெங்கும் படி இல்லாதவை அன்றோடு மறைந்தன.

அவ்விழப்பின் நினைவு நீங்காத ஈழத்துத் தன்னார்வலர்கள் 2005ஆம் ஆண்டு 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். அதன் இணையத்தளத்தைத் தாங்கி நிற்பது மீடியாவிக்கி என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். அம்மென்பொருளின் நிறைகுறைகளை அறிய அதன் பிறப்பைச் சற்று நோக்க வேண்டும்.

எவரும் திருத்தக்கூடிய இணையப்பக்கம் என்னும் எண்ணத்தை 1995இல் வார்டு கன்னிங்காம் என்பார் 'விக்கி' என்ற பெயரில் நடைமுறைப்படுத்தினார். 2001இல் தோன்றிய விக்கிப்பீடியா முதலில் வேறொரு சிறு நிரலில் இயங்கியது. வாசகர் பெருகவே, 2002 சனவரியில் மேக்னஸ் மான்ஸ்கே எழுதிய புதிய நிரலுக்கு அது மாறியது. அதே ஆண்டில் லீ டேனியல் குரோக்கர் அந்நிரலை மீள எழுதினார். 2003இல் அதற்கு மீடியாவிக்கி என்று பெயர் வாய்த்தது. தமிழ் விக்கிப்பீடியா தோன்றியதும் அவ்வாண்டிலேயே. ஆக, இம்மென்பொருள் பலர் கூடிக் கலைக்களஞ்சியம் எழுதுவதற்காகப் பிறந்தது. நூலகப் பட்டியலுக்காக அன்று. அதன் பலமும் பலவீனமும் இப்பிறப்பிலேயே அடங்கியுள்ளன.

முதலில் பலம். இது கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. வெவ்வேறு நாடுகளில் இருப்போர் ஒரே பக்கத்தில் பணியாற்றலாம். ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் பதிவாகிறது. ஒருவர் பிழையாக மாற்றினாலும் முந்தைய வடிவை மீட்டுவிடலாம். பாடவேறுபாடு பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். நூலகத் தளத்தில் நூலுக்கொரு பக்கம் அமைத்து, ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றை வார்ப்புருவில் இட்டு வைத்துள்ளனர். 1940களில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'மறுமலர்ச்சி' இதழை மணவாள நகரில் இருந்தபடியே இன்று புரட்ட முடிகிறது.

இனிப் பலவீனம். மென்பொருளுக்கு எல்லாம் வெறும் எழுத்துத் தொடரே. ஓர் ஆசிரியரின் பெயரை ஓரிடத்தில் தலைப்பெழுத்தோடும் பிறிதோரிடத்தில் முழுப்பெயராகவும் எழுதினால், இருவர் என்றே கொள்ளும். மின்வருடப்பட்ட பக்கத்தின் உள்ளே இருக்கும் சொற்களை அது தானாகத் தேடித் தராது. அகரவரிசையிலும் இடர் உண்டு. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. ளகரத்துக்குப் பின்னரே ழகரம் வருகிறது. மென்பொருளின் இயல்பான அமைப்பில் பகுப்புப் பட்டியல்கள் இவ்வெண் வரிசையையே பின்பற்றும். நன்னூல் கற்றவர் கண்ணுக்கு அது உறுத்தும். பிந்தைய பதிப்புகளில் இதனைச் சீர்செய்ய வழியுண்டு; ஆயின் செய்யத் தெரிந்தவர் வேண்டும். காலந்தோறும் மென்பொருளையும் தரவுத்தளத்தையும் புதுப்பிக்கவும் ஆள் வேண்டும்.

இதற்கு மறுதலையாக மதுரைத் திட்டத்தைக் காணலாம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அத்திட்டத்தில் நூல்கள் எளிய தனிக் கோப்புகளாகவே வைக்கப்பட்டன. திருத்த வரலாறோ பகுப்போ அக்கோப்புகளில் இல்லை. ஆயினும் அவற்றை எவரும் இறக்கித் தம் கணினியில் சேமிக்கலாம். திஸ்கி குறியாக்கம் வழக்கொழிந்தபோது நூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டுப் பிழைத்தன.

இவ்விரண்டையும் ஒப்பிடுங்கால் ஒன்று தெளிவாகிறது. உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்துவதில் மீடியாவிக்கி வல்லது. அதனைக் காக்கும் பொறுப்பு மனிதருடையது. மீடியாவிக்கியும் ஒருநாள் பழைய ஓலையாகும். அன்று வேறொன்றுக்கு மாற, உள்ளடக்கத்தை முழுமையாக வெளியே எடுக்க வழி இருத்தல் வேண்டும். பக்கங்களை வரலாற்றோடு கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி மீடியாவிக்கியில் உண்டு. தமிழ் ஆவணங்களுக்குத் தளம் அமைக்க முனைவோர், முகப்பின் அழகை ஆராயும் முன்னர் இவ்வசதி உள்ளதா என்று வினவுதல் நன்று. எடுத்த படிகளை வெவ்வேறு ஊர்களில் வைத்துப் பேணுதல் அதனினும் நன்று.