1:35-இல் ஒரு பட்டாளம்

பிளாஸ்டிக்கில் டாங்கி, லாரி, ஜீப் எல்லாம் அளவு பிசகாமல் செய்து பெயின்ட் அடித்து வைக்கிற பொழுதுபோக்கு எனக்கு உண்டு என்று சொன்னால், புனேயில் இருக்கிற நம்மூர் நண்பர்கள் முதலில் கேட்பது, "பசங்க விளையாட்டுச் சாமானா?" என்றுதான். பொம்மைக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் மக்களே. பொம்மை பார்க்க டாங்கி மாதிரி இருந்தால் போதும். மாடலுக்குக் கணக்கு உதைக்கக் கூடாது.

இந்த உலகத்தில் அதிகம் புழங்கும் அளவு 1:35. நிஜத்தில் 35 சென்டிமீட்டர் இருப்பது மேசையில் 1 சென்டிமீட்டர். 170 சென்டிமீட்டர் உயர சிப்பாய் ஏறக்குறைய 4.9 சென்டிமீட்டர். அதென்ன 35? ஏதோ ராணுவ விதி என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கி மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது. அது தானாக ஓட வேண்டும், ஆகவே உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும். அடங்குகிற மாதிரி உடம்பைச் செய்து முடித்துவிட்டுக் கணக்குப் போட்டால், நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு வந்தது. பேட்டரி வைத்த சட்டம் உலகச் சட்டமாகிவிட்டது :-)

சரி, இதில் சரித்திரம் எங்கே வருகிறது? ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1965 செப்டம்பர், பஞ்சாபின் அசல் உத்தர். கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய ஆர்.சி.எல். பீரங்கியை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை அடித்தார். செப்டம்பர் 10 அன்று களத்திலேயே உயிர் விட்டார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். ஆனால் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் உறைத்தது.

கணக்கைப் பாருங்கள். ஜீப்பின் நீளம் சுமார் 3.33 மீட்டர், 1:35-இல் 9.5 செ.மீ. அதன் மேல் இருக்கிற பீரங்கியின் நீளம் 3.4 மீட்டர், அதாவது 9.7 செ.மீ. வண்டியை விடத் துப்பாக்கி நீளம்! எதிரே பாட்டன் எம்-48. அதன் அகலம் மட்டும் 3.65 மீட்டர், மாடலில் 10.4 செ.மீ. எதிரி டாங்கியின் குறுக்களவுக்குக்கூட இவருடைய வண்டியின் நீளம் வரவில்லை. அந்தப் பக்கம் 45 டன் எஃகு. இந்தப் பக்கம் கதவுகூட இல்லாத திறந்த ஜீப்.

ஆர்.சி.எல். பீரங்கி சுட்டால் பின்னுதை கிடையாது. வெடிவாயுவில் ஒரு பகுதி பின்பக்கமாக வெளியேறி உதையைச் சமன் செய்துவிடும். அதனால்தான் ஜீப் தாங்குகிறது. ஆனால் அந்த வாயு கிளப்புகிற புழுதி, "நான் இங்கே இருக்கிறேன்" என்று எதிரிக்குச் சொல்லிவிடும். ஒரு குண்டு போட்டதும் இடம் மாறியே ஆக வேண்டும். கரும்புத் தோட்டம் அவருக்கு மறைப்பு. கால்வாய்த் தண்ணீரைத் திறந்து விட்டதால் சேறான வயல் பாட்டனுக்குச் சிறை. இதையெல்லாம் மேசையில் அடுக்கிப் பார்த்தபின், "வீரம்" என்ற வார்த்தையை நான் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

புனேயிலிருந்து 120 கிலோமீட்டர் போனால் அகமத்நகர். 2024-இல் அகில்யாநகர் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே கவசப் படைப் பயிற்சி மையத்தார் 1994-இல் திறந்த டாங்கி மியூசியம் இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் கவச கார், மாட்டில்டா, சர்ச்சில், வாலன்டைன், ஜப்பான்காரனின் குட்டி டாங்கி, பாட்டன், ரஷ்யாவின் நீந்தும் டாங்கியான பி.டி.-76 என்று வரிசையாக நிற்கின்றன. மகாராஷ்டிராவில் இருக்கிற நம்மவர்கள் ஷீரடி போகிற வழியில் ஒரு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

அங்கே சுற்றும்போது நான் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். மாட்டில்டாவுக்கு மாடல் பெட்டி கடையில் உண்டு. சர்ச்சிலுக்கு உண்டு. பாட்டனுக்கு உண்டு. 1971-இல் பசந்தர் ஆற்றங்கரையில், பெயரிலேயே எங்கள் ஊரைச் சுமக்கும் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் 21 வயது அருண் கேத்ரபால் கடைசிவரை விட்டு இறங்காத சென்சூரியன் டாங்கிக்கும் உண்டு. வெள்ளைக்காரன் செய்தது, ரஷ்யாக்காரன் செய்தது, அமெரிக்காக்காரன் செய்தது எல்லாம் பெட்டியில் கிடைக்கிறது. விஜயந்தா முன்னால் வந்து நின்றேன். பெரிய கம்பெனி எதுவும் அதற்குப் பெட்டி போட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.

விஜயந்தா நம்ம ஆவடிச் சரக்கு. இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியோடு 1961-இல் ஒப்பந்தம் போட்டு, 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளியே வந்தது. 1980களின் தொடக்கம் வரை உற்பத்தி நடந்தது. அதே தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. விஜயந்தாவோ படையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. இன்றைக்குக் கல்லூரி வாசலிலும் நினைவிடங்களிலும் நிற்கிறது. குழந்தைகள் குழாய் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

பெட்டி இல்லையென்றால் தகட்டை வெட்டித்தான் செய்ய வேண்டும். உடம்பு நீளம் சுமார் 7.9 மீட்டர், மாடலில் 22.6 செ.மீ. பீரங்கி வாய் 105 மில்லிமீட்டர், 35-ஆல் வகுத்தால் துல்லியமாக 3 மில்லிமீட்டர். குழாய்க்கு ஜூஸ் ஸ்ட்ரா, இழுவைக் கம்பிக்கு ஈயக் கம்பி, தார்ப்பாய்க்கு ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ பேப்பர். நம் வீட்டுக் குப்பைக்கூடை ஒரு பொக்கிஷம்.

தகடு வெட்டும் முன்பு மாமனாரிடம் கேட்டேன். அவர் ஆவடியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்சூரியன் படத்தையும் விஜயந்தா படத்தையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "மாப்ள, அது வார்ப்பு. உருகின இரும்பை ஊத்தி எடுத்தது, அதான் கோபுரம் மழுமழுன்னு இருக்கு. நம்மது தகடு தகடா வெட்டிப் பத்த வெச்சது. மூலை எல்லாம் விறைப்பா இருக்கணும் பாத்துக்குங்க. பத்துன தழும்பு கண்ணுக்குத் தெரியணும்."

புத்தகத்தில் "வெல்டட் டர்ரெட்" என்று இரண்டே வார்த்தையில் போட்டிருப்பான். அந்தத் தழும்பு ஒவ்வொன்றும் யாரோ ஒரு மனிதர் ஆவடி வெயிலில் முகமூடி மாட்டிக்கொண்டு செய்த வேலை என்பது அவர் சொன்னபோதுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் சூடாக்கி நூலாக இழுத்து, மூலைகளில் ஒட்டி, திரவப் பசை தடவி, கத்தி முனையால் சின்னச் சின்னதாக அமுக்கினேன். மாமனார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஓரத்துல நான் நின்னிருக்கேன்" என்றார்.

டாங்கிக்காவது நினைவிடம் இருக்கிறது. லாரிக்கு என்ன இருக்கிறது?

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. என் பெரியப்பா ஏ.எஸ்.சி. டிரைவர். அவர் வாயில் டாங்கி என்ற வார்த்தையே வராது. சக்திமான், ஒன் டன், ஜோங்கா, இந்த மூன்றுதான். சக்திமான் என்றால் டிவியில் சுழன்று வந்தவர் இல்லை. ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959-இல் ஜபல்பூர் தொழிற்சாலையில் பிறந்த லாரி. 1990கள் வரை படைக்குச் சோறு, தண்ணி, குண்டு, கடிதம் எல்லாவற்றையும் சுமந்தது. ஒன் டன்னும் ஜோங்காவும் ஜப்பானின் நிசான் உரிமத்தில் வந்தவை. ஜோங்கா என்றதும் ஏதோ மலை தேசத்துப் பெயர் என்று தோன்றும். ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரியேஜ் அசெம்பிளி என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். பிறகு ஸ்டாலியன் போன்ற புதிய லாரிகள் வந்தன. பழையவை ஏலத்தில் போய், மலையில் மரம் இழுத்து, கடைசியில் இரும்புக் கடைக்குப் போயின.

இந்த லாரிக்கும் மாடல் பெட்டியை நான் பார்த்ததில்லை. அளவு போட்ட வரைபடமும் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது பெரியப்பாவின் கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று. சக்திமான் முன்சக்கரத்தை ஒட்டி விறைப்பாக நிற்கிறார். அவர் உயரம் 170 செ.மீ. என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கிறது. போட்டோவில் 4 செ.மீ. அப்படியானால் போட்டோவின் 1 செ.மீ. நிஜத்தில் 42.5 செ.மீ. சக்கரம் போட்டோவில் 2.4 செ.மீ., ஆக நிஜத்தில் சுமார் ஒரு மீட்டர். அவர் சக்கரத்துக்கு நேராக நின்றதால்தான் இந்தக் கணக்கு செல்லும். நாலடி முன்னால் வந்து நின்றிருந்தால் எல்லாம் பிசகியிருக்கும். சக்கரம் தெரிந்ததும் பானெட் உயரம், கதவு, பம்பர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். நம்பர் பிளேட்டில் மேல் நோக்கிய அம்புக்குறி, அதற்கடுத்த இரண்டு எண்கள் வண்டி படையில் சேர்ந்த வருஷம். ஆக அந்த லாரியின் வயதும் தெரிந்துவிட்டது.

ஒரு லாரியை அளக்க என்னிடம் இருந்த ஒரே அளவுகோல் ஒரு மனிதர். அவர் இப்போது இல்லை. கதவை எப்படித் திறப்பது, பின்பலகைக் கொக்கி எந்தப் பக்கம், இரவு கான்வாயில் முன்வண்டியை எதைப் பார்த்துத் தொடர்ந்தார், இதெல்லாம் போட்டோவில் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்று தோன்றும் வயதில் நாங்கள் எல்லோரும் வேலை தேடி வெவ்வேறு ஊர்களில் இருந்தோம்.

போர்களைப் பற்றிய புத்தகங்கள் ஜெனரல்கள் எழுதுகிறார்கள், நல்லது. டிரைவரும் வெல்டரும் ஃபிட்டரும் எழுதுவதில்லை. அவர்கள் செய்ததும் ஓட்டியதும் இரும்பாக உருக்கப்பட்டுவிட்டால், அவர்கள் அறிந்ததற்குச் சாட்சி அவர்கள் வாய்தான். டெல்லி, மும்பை, பெங்களூரு என்று சிதறிக் கிடக்கிற நம் வீடுகளில், ஆவடியிலோ ஜபல்பூரிலோ வேலை பார்த்த, பட்டாளத்து வண்டி ஓட்டிய அப்பா, மாமா, தாத்தா யாராவது இருப்பார். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஆல்பத்தை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். போட்டோவின் பின்பக்கம் ஊர், வருஷம், வண்டியின் பெயர் எழுதி வாங்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தச் சக்கரம் உங்க இடுப்பு வரைக்கும் வருமா, மார்பு வரைக்குமா தாத்தா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

அவர் எழுந்து நின்று கையால் காட்டுவார். அந்த அளவை உடனே குறித்து வையுங்கள்.