தனி மங்கு



“வாத்தியாரே, அந்தப் பையனோட அப்பாவுக்கு எய்ட்ஸாம். அவன் குடிச்ச மங்குல என் பிள்ளை குடிக்கலாமா?” என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். தாராளமாகக் குடிக்கலாம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. தொழுநோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்துச் சுங்கை பூலோவுக்கு அனுப்பிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1930-இல் திறந்த அந்தக் குடியிருப்பின் பெயரைச் சொன்னாலே நம் பாட்டிமார் குரலைத் தாழ்த்துவார்கள்.

எய்ட்ஸின் கதைக்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் என்ற பேராசிரியையிடம் நிர்மலா என்ற மாணவி ஆய்வு செய்துவந்தார். பாலியல் தொழிலில் பிடிபட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் அவர் இரத்தம் சேகரித்தார். பாதுகாப்புக்குக் கையுறைகூட இல்லை. இரத்தக் குப்பிகளைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்துக் காத்தார். 1986-இல் அவற்றை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு பேரிடம் எச்.ஐ.வி. கிருமி தெரிந்தது. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். நம் மலேசியாவிலும் முதல் நோயாளி அறியப்பட்டது அதே ஆண்டில்தான்.

கண்டுபிடித்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? கிருமி இருக்கிறது என்று சொல்லி, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் பெண்களை அடைத்தே வைத்தார்கள். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் உயர் நீதிமன்றம் சென்று வழக்காடிய பிறகுதான், 1990-இல் கதவு திறந்தது.

கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் விருப்பத்தோடு இரத்த தானம் செய்துவந்தவர். அந்தத் தானமே அவரைக் காட்டிக்கொடுத்தது. 1989-இல் காவலர்கள் அவரை அழைத்துப்போய், பாழடைந்த காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள் தனியே பூட்டிவைத்தார்கள். குற்றம் ஏதும் செய்யாதவர் அவர். வெளியே வந்து மற்றவர்களுக்காக வாதாடினார்; 1992-இல் காலமானார்.

இக்கிருமி பாதுகாப்பற்ற உடலுறவாலும், இரத்தத்தாலும், ஒருவர் பயன்படுத்திய ஊசியாலும் பரவும். கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம். மங்கு, பாய், கழிவறை, கொசு, கைகுலுக்கல் ஆகியவற்றால் பரவாது. ஆக, அந்தப் பூட்டுகளில் ஒன்றுகூட ஒருவரையும் காப்பாற்றவில்லை. பூட்டுக்குப் பயந்தால் மக்கள் இரத்தப் பரிசோதனைக்கே வராமல் ஒளியத்தான் செய்வார்கள்.

1996-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் நிலைமை மாறியது. நாள் தவறாமல் மருந்து உண்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவினால்கூட அது பரவுவதில்லை. மலேசியாவில் 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை நடக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று வழங்கியது.

இத்தனையும் அந்தத் தாயாரிடம் சொன்னேன். “அப்போ அந்தப் பையன் சுகமாத்தான் இருக்கானா?” என்றார். சுகமாக இருக்கிறான் அம்மா, வகுப்பில் வாய்பாடு அவனுக்குத்தான் முதலில் வருகிறது என்றேன்.