பைலா: கரையிலிருந்து மலையேறிய தாளம்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் திருமண வீடொன்றில் ஒலிபெருக்கி முழங்கினால், இரவு ஏற ஏறப் பைலாவும் வந்து சேரும். கண்டி இராச்சியத்தின் பகுதியாக 1815 வரை விளங்கிய இம்மலைப்புறத்தைப் போர்த்துக்கேயரால் நிலைத்து ஆள முடியவில்லை. ஆயினும் அவர்கள் வழிவந்த தாளம் மலையேறிவிட்டது.

1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1658இல் தம் கடைசிக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்கள் அடிமைகளாகக் கொணர்ந்த ஆபிரிக்கரின் சந்ததியினரும் மட்டக்களப்புப் பறங்கியரும் அவர்களுக்குப் பின்னும் பாடி ஆடினர். அவ்விசையே கஃப்ரிஞ்ஞா, ஆறு-எட்டுத் தாளத்தில் துள்ளுவது. ஐரோப்பிய நரம்பிசையும் ஆபிரிக்கத் தாளமும் கலந்தே பிரேசிலின் இசையும் பிறந்தது. அவ்வகையில் பைலா, இலத்தீன் அமெரிக்க இசைக்குத் தூரத்து உறவு. ‘பைலார்’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லுக்கு ஆடுதல் என்றே பொருள்.

பொலிஸ் சேவையிலிருந்த வோலி பஸ்தியன்ஸ் (1914–1985) 1940களில் இத்தாளத்துக்குச் சிங்களச் சொற்களைப் பூட்டினார். வானொலியும் இசைத்தட்டும் அதனை உள்நாடெங்கும் பரப்பின. 1960களில் மின்கிற்றார் சிங்கள மெல்லிசைக்குள் நுழைந்தது. மொறட்டுவையில் தோன்றிய ஜிப்சீஸ் குழு பைலாவை மேடைக்கேற்ற மின்னிசையாக்கியது. இன்று மின் விசைப்பலகையும் ஒக்டபாடும் கணினியும் அதே துள்ளலை எழுப்புகின்றன. பாட்டோடு பாட்டை ஒட்டும் ‘நொன்ஸ்டொப்’ இல்லாத கொண்டாட்டம் அரிது.

தமிழரும் ஒதுங்கி நிற்கவில்லை. நித்தி கனகரத்தினம் முதலானோரின் பொப்பிசையில் பைலாவின் துள்ளலைக் கேட்கலாம். ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ கடல் தாண்டி, 1977இல் தமிழ்த் திரைக்கும் சென்றது.

குடித்துக் கூத்தாடுவோர் பாட்டென்று இதனை இகழ்ந்தோர் பலர். அவ்விகழ்ச்சியைப் பைலா வென்றுவிட்டது; மறதியைத்தான் வெல்லவில்லை. புத்தளத்துச் சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர் இன்று பேசுவது சிங்களம். மூதாதையரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி அவர்களது பாடல்களில்தான் எஞ்சியுள்ளது. மட்டக்களப்பிலும் அம்மொழியைப் பேசுவோர் அருகி வருகின்றனர்.

இனத்தூய்மை பேசி இரத்தம் சிந்திய நாடு இது. அதே நாட்டில் எல்லா இனத்தாரும் ஆடும் தாளம் ஒரு கலப்பின் குழந்தை. பல்லேபொலவில் அதற்குக் கால் அசைக்கும் இளைஞனுக்கு, சிரம்பியடி என்னும் பெயரையேனும் நம் பாடநூல்கள் சொல்லிவைக்க வேண்டாமா?