வாக்குச் சீட்டும் சந்தாப் பட்டியலும்: சௌமியமூர்த்தி தொண்டமானின் அரசியல் பாதை

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தோரின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழரின் தலைவராக அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த சௌமியமூர்த்தி தொண்டமானை (1913–1999) மதிப்பிடுவோர், அவர் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதோடு ஒத்துப்போனவர் என்ற குற்றச்சாட்டை முதலில் வைப்பது வழக்கம். அவர் வழிநடத்திய மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாக்குரிமையே கிடையாது என்பதைக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு அது. தேர்தல் வழி அடைபட்ட ஒரு சமூகம் அரசோடு எதை வைத்துப் பேரம் பேசும்? தொண்டமானின் அரசியலை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சிவகங்கைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அவர். தந்தை கருப்பையா கூலித் தொழிலாளியாகக் கடல் கடந்து, கங்காணியாகி, கடைசியில் றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். மகன் 1924இல் இலங்கைக்கு வந்து கம்பளையில் படித்தார். தோட்ட முதலாளியின் பிள்ளை, லயம் என்னும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளரின் தலைவரானதை எதிரிகள் கடைசிவரை சுட்டிக்காட்டினார்கள். ஆனால் தோட்டத் துரைமாருக்கு எதிரே நாற்காலியில் சமமாக உட்கார்ந்து பேசும் துணிவை அந்தப் பின்னணியே அவருக்குத் தந்தது என்பதையும் மறுக்க முடியாது.

1939இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானபோது கம்பளைக் கிளை அவர் பொறுப்புக்கு வந்தது. மறு ஆண்டு முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். தோட்டங்களில் தொழிற்சங்கம் வேரூன்றிய காலம் அது. 1945இல் காங்கிரசின் தலைவரான தொண்டமான், 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் வென்றார். மலையகத் தொகுதிகள் வேறு சிலவற்றிலும் காங்கிரஸ் வேட்பாளர்கள் வென்றனர். காங்கிரஸ் போட்டியிடாத பல தொகுதிகளில் தோட்டத் தமிழரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன.

அடுத்து நடந்தவற்றை இந்தத் தேர்தல் முடிவிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவே அரிதாக இருந்த லயங்களில் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? 1949இல் வந்த 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் பிரஜையாக ஒரு வழி வைத்தது. மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு தொடர் வசிப்பு வேண்டும் என்றது. அதே ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் பிரஜையல்லாதோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. இச்சட்டங்களை எதிர்த்த வழக்கு லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை சென்று 1953இல் தோற்றது.

இங்கே காங்கிரஸ் தலைமை பெரிய தவறொன்றைச் செய்தது. பதிவுக்கு விண்ணப்பிப்பது அநீதியான சட்டத்தை ஏற்பதாகும் என்று முதலில் புறக்கணிப்பை அறிவித்தது. இரண்டாண்டுக் காலக்கெடு முடியும் தறுவாயில் மனம் மாறியதும் விண்ணப்பங்கள் வெள்ளமாகக் குவிந்தன. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக அவை வந்தன. பல ஆண்டு விசாரணைக்குப் பின் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. அரசின் கெடுபிடியே இதற்கு முதற்காரணம். இருந்தாலும் அவசர அவசரமாக நிரப்பிய படிவங்களை நிராகரிப்பது அதிகாரிகளுக்கு எளிதாயிற்று. 1952இல் கொழும்பில் சுமார் 140 நாட்கள் நடந்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைக்கவில்லை.

நாடாளுமன்றக் கதவு மூடியபின் எஞ்சியது காங்கிரசின் தொழிற்சங்கம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயரில் அது தோட்டந்தோறும் தோட்டத் தலைவர், கமிட்டி, மாதச் சந்தா என்று பின்னல் போட்டது. தேர்தல் இடாப்பில் இல்லாத பெயர் செக்ரோலில் (தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேட்டில்) இருந்தது, சந்தாப் பட்டியலில் இருந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி தேயிலையை நம்பியிருக்கும்வரை கொழுந்து பறிக்கும் கை நின்றால் கொழும்பு கேட்டாக வேண்டும். தொண்டமானின் பேர வலிமை முழுவதும் இதில்தான் இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான அப்துல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசைத் தொடங்கியபோதும் பெரும்பான்மைத் தொழிலாளர் தொண்டமான் பக்கமே நின்றார்கள். 1960லும் 1965லும் அவர் நியமன உறுப்பினராகவே நாடாளுமன்றம் சென்றார்.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்காமலே இரு தலைநகரங்கள் எடுத்த முடிவு அது. தொண்டமான் அதைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பு எடுபடவில்லை.

எழுபதுகளில் அவரது பாதை ஒருமுறை வடக்குத் தமிழ் அரசியலோடு இணைந்தது. 1949 தேர்தல் சட்டத்தை ஆதரித்த ஜி.ஜி. பொன்னம்பலமும், மலையக மக்களுக்காக அவரை விட்டுப் பிரிந்த செல்வநாயகமும் தொண்டமானோடு சேர்ந்து 1972இல் தமிழர் கூட்டணியின் முத்தலைவர் ஆயினர். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்ததும் தொண்டமான் ஒதுங்கினார். சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலைநாட்டில் சிதறி வாழும் மக்களுக்குத் தனிநாடு தீர்வாகாது என்பது அவர் கணிப்பு. தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்டு வன்முறையில் தோட்டங்கள் எரிந்ததைப் பார்க்கும்போது அந்தக் கணிப்பு சரியானதே என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராக வென்று, 1978இல் ஜனாதிபதி ஜெயவர்த்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அவ்வாண்டின் அரசியல் யாப்பு, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேறுபாட்டை நீக்கியது. அமைச்சராக இருந்துகொண்டே 1984 ஏப்ரலில் சம்பள வேலைநிறுத்தத்துக்கு அவர் தலைமை தாங்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனை இயக்கம் இதைவிட நுட்பமானது. நண்பகல் வரை தொழிலாளர் பிரார்த்தனையில் இருப்பர், அதன்பின் கொழுந்து பறிக்க மலைக்குப் போவர். வேலைநிறுத்தம் என்று தண்டிக்கவும் முடியாது. தேயிலை உற்பத்தியும் பாதியாகிவிடும். சில நாட்களிலேயே அரசு இறங்கிவந்தது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையில், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விடுபட்ட 94,000 பேருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கச் சட்டம் வந்தது. 1988இல் இன்னொரு சட்டம் நடைமுறையை எளிதாக்கியது.

இந்த வெற்றிகளுக்கு ஒரு விலை இருந்தது. பேரம் முழுவதும் ஒரே மனிதரின் கையில் குவிந்ததால் இரண்டாம் வரிசைத் தலைமை வளரவில்லை; தலைமை பேரன் ஆறுமுகனிடம் குடும்பச் சொத்துப் போலச் சென்றது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். சங்கத்தின் உயர்பீடத்தில் அவர்களைக் காண்பது அரிதாகவே இருந்தது. லய அறைக்குப் பதிலாக நிலமும் வீடும் என்ற கோரிக்கை, பிரஜாவுரிமை பெற்ற வேகத்தில் முன்னே நகரவில்லை.

தொண்டமான் 1999 அக்டோபர் 30 அன்று காலமானார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் முதல் நாட்டிலேயே வாழ்ந்துவந்த நாடற்றோருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அதன்மூலம் பயன்பெற இருந்தவர்கள் சுமார் 1,68,000 பேர். இனக்கலவரங்களுக்கு அஞ்சித் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றிருந்த மலையகத் தமிழர், தொடர் வசிப்பு நிபந்தனையால் அச்சட்டத்துக்கு வெளியே நின்றனர்.