நாற்காலியில் இருந்த வைத்தியர்

தன் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி பவுல் மூன்று தரம் மன்றாடினார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபைதான் கிடைத்தது. அது என்ன வருத்தமென்று அவர் எழுதவேயில்லை. எழுதாததும் நல்லதே.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் சிக்கினார். கால்கள் முற்றாகச் செயலிழந்தன. கைச் சத்திரசிகிச்சையை இருந்தபடியே செய்யலாம் என்று டாக்டர் போல் பிராண்ட் வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் இருந்து தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை மேரி நிமிர்த்தினார்.

இதற்காகத்தான் கடவுள் விபத்தை அனுப்பினார் என்று பிரசங்கிப்பது எனக்கு ஒவ்வாது. ஷெல்லடியில் கால் இழந்தவரின் வீட்டில் அப்படிச் சொல்ல வாய் வருமா? விபத்து விபத்துதான். அதற்குப் பிறகு நடந்ததையே நான் கிருபை என்பேன்.

1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறந்தது. முள்ளந்தண்டு முறிந்து அங்கே வந்தவர்களைப் பார்க்க, மேரியும் சக்கர நாற்காலியிலேயே வந்தார்.