ரஜூலா தெரியும், ரோனா தெரியுமா?

கோயில்ல அன்னதானம் பரிமாறும்போது பெரியவங்ககிட்ட, "உங்க குடும்பம் எந்தக் கப்பல்ல வந்துச்சு?"ன்னு கேட்டா, பல பேர் சொல்றது ரஜூலாதான். அதுக்கு ஜோடியா இன்னொரு கப்பல் ஓடுச்சு. பேரு ரோனா.

ரெண்டும் 1926ல் கட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கப்பல்கள். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடின. டெக்கில் பாய் விரிச்சுப் படுத்து வந்த நம்ம ஆளுங்க பினாங்கில் இறங்கி, கெடா ரப்பர் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தாங்க.

இரண்டாம் உலகப் போரில் ரெண்டையும் பட்டாளம் ஏற்ற எடுத்துக்கிட்டாங்க. 1943 நவம்பர் 26, அல்ஜீரியா கடற்கரைக்கு அப்பால், இந்தியாவுக்குப் போக வேண்டிய அமெரிக்கச் சிப்பாய்களோடு ரோனா போய்க்கிட்டிருந்துச்சு. ஜெர்மன் விமானம் ரேடியோவால் திருப்பிவிடுற குண்டை வீசியது. கப்பல் மூழ்கியது. 1,000க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்தாங்க. விவரத்தைப் பல வருஷம் அரசாங்கம் ரகசியமா வச்சிருந்தது.

அதே கப்பல்ல வேலை செஞ்ச இந்தியத் தொழிலாளர்களும் 100 பேருக்கு மேல செத்தாங்க. அவங்க கையில துப்பாக்கி இல்ல. கப்பல் வேலைக்கு வந்தவங்க. நான் ஃபேக்டரியில சூப்பர்வைசர். ஷிஃப்டுக்கு வந்த ஆளு வீடு திரும்பலன்னா அந்தக் குடும்பம் என்னாகும்னு எனக்குத் தெரியும்.

ரஜூலா போர் முடிஞ்சு திரும்பி வந்து, 1970கள் வரை ஓடுச்சு. அதனால நமக்கு ஞாபகம் இருக்கு. ரோனா வரல.

இந்த நவம்பர் 26, விளக்கு ஏத்தும்போது அவங்களுக்கும் ஒரு அகல் வைப்போம். வீட்டுப் பெரியவங்ககிட்ட கப்பல் பேரைக் கேட்டு எழுதி வைங்க.